கோழிக்குஞ்சுக்குப் போடுற பல்பு இதுக்கு ஆகாது

இந்த மழைக்காலத்தில் சூடுபட்டு என்னிடம் வந்த மூன்றாவது பிராணி இது. மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு தம்பி பியர்டட் டிராகனைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். நம்மூர் ஓணானுக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தம் அது. புரட்டிப் பார்த்தால் வயிறு வெந்துபோயிருக்கிறது. 'ஹீட் ராக்' என்ற சூடேறும் கல்லை ஆன்லைனில் வாங்கி நேரே பிளக்கில் சொருகியிருக்கிறார்.

"சுட்டா அதுவே எறங்கிப் போயிருமில்லா டாக்டரே?"

போகாது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இவற்றுக்குச் சூடு என்றால் மேலே இருந்து விழும் வெயில். அடிவயிறு சுடுவதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு சட்டென விலகத் தெரியாது. கூண்டுக்குள் காற்று குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம். உடம்புக்குச் சூடு போதாமல் கல்லையே கட்டிப்பிடித்துக் கிடக்கும், அடியில் தோல் வெந்துகொண்டிருக்கும். குளிர் ரத்தப் பிராணி என்றால் எவ்வளவு சூடும் தாங்கும் என்று அர்த்தமில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது உடம்புச் சூட்டைச் சரிசெய்யும். கோழிக்குஞ்சுப் பெட்டி மாதிரி நடுவில் பல்பைத் தொங்கவிட்டால் நிழலுக்கு எங்கே போகும்?

பல்பு ஒரு ஓரத்தில்தான். பியர்டட் டிராகனுக்கு அதன் நேர் கீழே 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறு ஓரத்தில் 25 முதல் 28. 'பால் பைத்தான்' (ball python) என்ற மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 32 போதும். பாம்பு பல்பைச் சுற்றிக்கொள்ளும், அதனால் பல்புக்குக் கம்பிக்கூடு கட்டாயம். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர். எதுவானாலும் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், சென்சார் முனை பிராணி படுக்கும் இடத்தில் இருக்கட்டும். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது.

சித்திரையில் நாகர்கோவிலில் அறையே 32, 33 தொடும். அப்போதும் பல்பு எரிந்தால் குளிர்ந்த பக்கமே இருக்காது. கண்ணாடித் தொட்டியை முற்றத்து வெயிலில் வைப்பவர்களை என்ன சொல்ல! மழையில் கரண்டு போனால் பதற வேண்டாம். நம்மூர் இரவை வளர்ந்த, நோயில்லாத பிராணி தாங்கும். கொதிக்கிற வெந்நீர் பாட்டிலை மட்டும் அதன்மேல் சாய்த்து வைத்துவிடாதீர்கள்.

உடும்புக்கும் நட்சத்திர ஆமைக்கும் எத்தனை டிகிரி என்று கேட்டு வராதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்க்கவே கூடாது.

சுட்டுவிட்டால் தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாமல் கொண்டுவாருங்கள், தயவுசெய்து அன்றைக்கே. அந்தத் தம்பியின் டிராகனுக்கு ஆறாவது வாரமாகக் கட்டு மாற்றுகிறேன். கல்லை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. பாதி விலைக்கு யாருக்காவது கொடுக்கப் பார்க்கிறாராம்.