நூறு பேர் படிக்கும் இடத்தில் ஓர் ஆலோசகர்: மாணவர் மனநலத்துக்குச் சட்டம் தரும் உரிமைகள்

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் எந்தப் பள்ளியிலும், கல்லூரியிலும், கோச்சிங் சென்டரிலும் குறைந்தது ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும். அவர் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என யாராகவும் இருக்கலாம். பி.டி. சாரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டு, 'எங்கள் பள்ளியிலும் ஆள் உண்டு' என்று கணக்குக் காட்ட முடியாது. நூறு பேருக்குக் குறைவாகப் படிக்கும் இடமாக இருந்தால், வெளியில் உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்பாடு இருக்க வேண்டும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் உள்ள 15 வழிகாட்டுதல்களில் இதுவும் ஒன்று. அரசு, தனியார், மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ என்ற வித்தியாசம் எதுவும் இல்லை. விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் இறந்துபோனார். விசாரணையில் திருப்தி இல்லாத அவருடைய தந்தை நீதிமன்றப் படியேறினார். நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதோடு நிறுத்தாமல், நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களையும் அறிவித்தது. நாடாளுமன்றமோ மாநிலங்களோ இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் வரை இவை கட்டுப்படுத்தும் விதிகள். 'வழிகாட்டுதல்தானே, விருப்பம் இருந்தால் செய்யலாம்' என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது தவறு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். தேர்வுத் தோல்வி காரணம் என்று பதிவானவை அவற்றில் 2,248. மாணவர் என்றாலே மார்க்தான் பிரச்சினை என்று நினைக்கிற நமக்கு இந்த இரண்டாவது எண் முக்கியம். மற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேறு என்னென்னவோ நடந்திருக்கிறது.

அந்த வேறு என்னென்ன என்பதில் சிலவற்றை இந்த வழிகாட்டுதல்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் வீட்டில் உடனே அவளுடைய சுபாவத்தைத்தான் குறை சொல்வோம். 'மனசு திடமில்லை', 'செல்போனைக் கீழே வைத்தால் எல்லாம் சரியாகும்' என்போம். சுபாவத்துக்கும் பங்கு உண்டுதான். எதிலும் குறை இருக்கக் கூடாது என்று தன்னையே வதைத்துக்கொள்வது, சின்ன வயதில் பட்ட அடி, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு மனநோய் இருப்பது, தூக்கமின்மை எல்லாம் உள்ளிருந்து வருபவை. ஆனால் கல்விக் கடன், வீட்டுச் சண்டை, பிறந்த சாதி, ஊரை விட்டு வந்த தனிமை, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் விழிப்பது போன்றவை வெளியிலிருந்து வருகின்றன. இரண்டும் சேரும்போதுதான் பிள்ளை தளர்கிறது. முதலாவதற்கு மருத்துவரும் ஆலோசகரும் உதவலாம். இரண்டாவதை மாற்ற வேண்டியது பள்ளியும் விடுதியும் நாமும்.

மத்திய அரசின் மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். உங்கள் பிள்ளை அந்த மூன்று பேரில் ஒருவராக இல்லாவிட்டாலும், அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும், குறிப்பாகக் கோச்சிங் சென்டர்களுக்கு, சில தடைகள் உள்ளன. வாரத் தேர்வு முடிந்ததும் ரேங்க் பட்டியலை வாசலில் ஒட்டுவார்கள். முதல் ஐம்பது பேர் 'ஏ' பேட்ச், அவர்களுக்கு ஏசி அறை, மூத்த ஆசிரியர்கள். மிச்சப் பேர் மாடியில் 'சி' பேட்ச். அடுத்த தேர்வில் மார்க் குறைந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்க அறை மாற வேண்டும். வருடக் கணக்கில் இது சாதாரணமாக நடக்கிறது. மதிப்பெண்ணை வைத்து பேட்ச் பிரிப்பதையும், பலர் முன் அவமானப்படுத்துவதையும், பிள்ளையின் சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய எண்ணிக்கையில் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கும் ஊர்கள் என்று கோட்டா, ஹைதராபாத், டெல்லியோடு சென்னையையும் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கெல்லாம் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது. நீட் ரிப்பீட்டராக அண்ணா நகரிலோ வேறெங்கோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளையின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சாதி பற்றியும் வழிகாட்டுதல் மழுப்பவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் (எல்ஜிபிடிக்யூ+), பெற்றோர் பராமரிப்பு இல்லாதவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடம் பாகுபாடு இல்லாமல் நடந்துகொள்ள ஊழியர்கள் அனைவருக்கும் பயிற்சி தர வேண்டும். சாதி, மதம், பாலினம், உடற்குறை ஆகியவற்றை வைத்து யாரேனும் கேலி செய்தால், ராகிங் செய்தால் புகார் கொடுக்க ரகசியமான வழி இருக்க வேண்டும். புகார் கொடுத்த மாணவரைப் பழிவாங்கக் கூடாது. நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாள வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் அது பரிந்துரைத்தது. அந்தக் கயிறு தினமும் கண்ணில் படும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'தைரியமாக இரு' என்று மட்டும் சொல்வது போதாது.

சரி, பள்ளியில் எப்படிக் கேட்பது?

வாயால் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 25.07.2025 தீர்ப்பைக் குறிப்பிட்டு, பள்ளியின் ஆலோசகர் யார், அவருடைய தகுதி என்ன, எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்பது விதி. கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். உதவி எண்களை வகுப்பறை, விடுதி, பொது இடங்கள், இணையதளம் எல்லாவற்றிலும் பெரிதாக எழுதிப் போட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒரு பிள்ளையைத் தனியாகக் குறிவைப்பது கடினம்.

பதில் வரவில்லை என்றால் கலெக்டரிடம் போகலாம். இந்த விதிகள் நடைமுறைக்கு வருகின்றனவா என்று பார்க்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

பெற்றோருக்கு உள்ள பெரிய பயம் வேறு. ஆலோசகரைப் பார்த்தால் எங்கேயாவது பதிவாகிவிடுமோ, நாளைக்கு வேலைக்கோ கல்யாணத்துக்கோ இடைஞ்சல் வருமோ என்ற பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவர், உளவியலாளர், செவிலியர் எல்லோருடைய கடமை. விதிவிலக்குகள் குறைவு: உயிருக்கு ஆபத்து, மற்றவர்களுக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை. 18 வயது நிறையாதவர் என்றால் பாதுகாவலரிடம் விவரம் சொல்லப்படும். இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை போக்சோ சட்டப்படி கேட்டவருக்கு வந்துவிடுகிறது. நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் சொல்லிவிடுவார்.

பள்ளியில் ஆள் இல்லை, அல்லது பள்ளியில் பேசவே பிடிக்கவில்லை என்றால் 14416. இது டெலி மனாஸ் என்ற மத்திய அரசுத் திட்டம். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. பெங்களூரு நிமான்ஸ் இதன் தலைமை மையம். 24 மணி நேரமும் இலவசம். அழைத்ததும் பதிவு செய்த குரல் எந்த மொழி என்று கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் பேசும் ஆலோசகர் வருவார். என்ன சொல்வது என்று தெரியாமல் அழைப்பவர்கள் நிறையப் பேர். 'ரெண்டு வாரமா தூக்கம் வரல, படிக்க உட்கார்ந்தா அழுகையா வருது' என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார்கள். நண்பனைப் பற்றிக் கவலை என்றாலும் நீங்கள் அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழே இருந்து, அடி, துன்புறுத்தல், கட்டாயக் கல்யாணம் போன்ற பிரச்சினை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தமிழக அரசின் 104இலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

நேரில் போக வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டு வாங்கும்போது மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். கவுன்ட்டரில் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லலாம். குறிப்பிட்ட நாட்களில் இந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும்; எந்த நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் இடத்தில் மனநலச் சிகிச்சை பெறுவது அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. மாத்திரைகள் இலவசம். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம், ஆகவே பாதியில் நிறுத்தாதீர்கள்.

உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால், 18 வயது நிறையாதவரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பெற்றோரோ பாதுகாவலரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். இவை 87ஆம் பிரிவில் உள்ளவை. தனியார் மருத்துவமனை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

குடும்பம் விரும்பாத காதல், குடும்பத்துக்கு ஒவ்வாத கருத்து, தன் பாலின அடையாளத்தை வெளியே சொல்வது – இவற்றுக்காக ஒரு இளைஞரை 'மனநோயாளி' என்று மருத்துவமனைக்கு இழுத்துப்போகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. சமூக, பண்பாட்டு, ஒழுக்க மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவரின் பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டிருக்கிறார்.

கடைசியாக, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பிள்ளையைப் பற்றி. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறார்கள். தாமதிக்க வேண்டாம், உடனே 108ஐ அழையுங்கள். அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதை என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை. மருத்துவமனையில் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதிவு செய்தாலும், அது மருத்துவமனை பின்பற்றும் நடைமுறைதான்.

உடல் தேறியதும் அந்தப் பிள்ளை திரும்ப வகுப்புக்குப் போக வேண்டும். 'வேற ஸ்கூல் பாருங்க, டிசி தந்துடறோம்' என்று சொல்லும் நிர்வாகங்கள் இருக்கின்றன. முன்பு முயன்றவர்களைப் பாகுபாடின்றி, பரிவோடு நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. டிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, நகலைக் கலெக்டருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.