மலை நிறம் மாறும் மாதத்தில் பைக்கை எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில் அவசர சிகிச்சை மருத்துவராக வேலை பார்க்கிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் சனி, ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் பிரிவின் முகமே மாறிவிடும். காறை எலும்பு முறிந்தவர்கள், மணிக்கட்டு நொறுங்கியவர்கள், விலா எலும்பு உடைந்து மூச்சை இழுக்க முடியாமல் தவிப்பவர்கள் என்று அடுத்தடுத்து வருவார்கள். ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்னும் மலைச் சாலையில், நிறம் மாறும் இலைகளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போனவர்கள் இவர்கள். சார்லட்டிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் நண்பர்களோடு கிளம்பிவந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் இவர்களிடையே இருக்கிறார்கள். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததும் அவர்கள் முதலில் சொல்வது, "டாக்டர், நான் வேகமாகப் போகவே இல்லை" என்பதுதான்.

அது உண்மை. பார்க்வேயில் வேக வரம்பே பெரும்பாலும் மணிக்கு 45 மைல்தான். ஆனால் 45 மைல் என்பது நொடிக்கு 20 மீட்டர். சிவந்து நிற்கும் ஒரு மேப்பிள் மரத்தை இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால் 40 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகத்தான் கணக்கு. அதோடு, இரண்டு சக்கர வண்டியில் கண் எங்கே போகிறதோ அந்தப் பக்கமே வண்டியும் சாயும். இந்தச் சாலையின் சில வளைவுகள் உள்ளே போகப் போக இறுகும். நுழையும்போது சரியாக இருந்த வேகம் நடுவில் அதிகமாகிவிடும். அந்த நேரத்தில் பார்வை பள்ளத்தாக்கின் மேல் இருந்தால் மீள வழியில்லை.

ஆகவே, ஓடும் வண்டியிலிருந்து இலை பார்ப்பதில்லை என்று முதலில் முடிவெடுங்கள். நின்றுதான் பார்க்க வேண்டும். இந்த ஒரு முடிவு பயணத் திட்டத்தையே மாற்றிவிடும். எங்கெங்கே நிற்பது என்பதை முதலில் குறித்துக்கொள்வீர்கள். எத்தனை மைல் என்பது அதிலிருந்து தானாக வரும். நான் பார்க்கும் திட்டங்களோ பெரும்பாலும் தலைகீழாக இருக்கின்றன. பார்க்வேயின் மொத்த நீளம் 469 மைல். ஒரே நாளில் அதில் 300 மைலை முடித்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். அக்டோபர் நடுவில் பகல் பொழுது பதினோரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சாலையில், அந்தக் கூட்டத்தில், மணிக்கு 30 மைல் சராசரி கிடைத்தாலே பெரிது. பத்து மணி நேரம் இருக்கையிலேயே கழிந்தால் இறங்கி நிற்க நேரம் ஏது? அதனால்தான் ஓட்டிக்கொண்டே பார்க்கிறார்கள்.

உண்மையில் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை. மலையில் நிறம் மேலிருந்து கீழே இறங்கும். 5,000 அடிக்கு மேல் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரங்களில் உச்சத்துக்கு வரும். 2,000 அடியை ஒட்டி இருக்கும் ஆஷ்வில் நகரத்தில் அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம் ஆகிவிடும். ஆஷ்வில்லுக்குத் தெற்கே பிரெஞ்ச் பிராட் ஆற்றருகில் 393-ஆம் மைல்கல்லை ஒட்டிப் பார்க்வேயில் ஏறி, 418-ஆம் மைல்கல்லைத் தாண்டியதும் வரும் கிரேவ்யார்டு ஃபீல்ட்ஸ் வரை போனால் தூரம் சுமார் 26 மைல்தான். ஏறுவதோ ஏறக்குறைய 3,000 அடி. மேலே இலை உதிர்ந்த கிளைகள், நடுவில் கொழுந்துவிட்டு எரியும் சிவப்பு, கீழே இன்னும் பச்சை என்று ஒரு பருவம் முழுவதையும் அந்த 26 மைலிலேயே பார்த்துவிடலாம். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி அளவுக்குப் போகாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு நன்றாக ஏறும். ஒரு பலத்த காற்று மழை வந்தால் எல்லாம் தரையில். எனவே தேதியை மாதக்கணக்கில் முன்பே உறுதி செய்யாமல், வானிலையைப் பார்த்துக் கடைசி வாரத்தில் முடிவு செய்பவர்களுக்கே நல்ல காட்சி கிடைக்கிறது. 2024 செப்டம்பர் இறுதியில் வீசிய ஹெலீன் புயலில் வட கரோலினாப் பகுதிச் சாலை பல இடங்களில் பெயர்ந்துபோனது. கிளம்பும் நாளன்று காலையில் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பார்க்வேயின் மேல் பெட்ரோல் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குளிர். நம் ஊரில் பைக் ஓட்டிப் பழகியவர்கள் ஏமாறுவது இதில்தான். 3,000 அடி ஏறினால் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறையும். கீழே 10 டிகிரி இருக்கும்போது கிளம்பினால் மேலே நான்கு, ஐந்து டிகிரி. 45 மைல் வேகத்தில் முகத்தில் அறையும் காற்றோடு சேர்த்துப் பார்த்தால் உடலுக்கு அது உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 3 டிகிரி. காயமடைந்தவருக்குத் துணையாக ஆம்புலன்சைத் தொடர்ந்து பைக்கில் வந்த நண்பர் ஒருவர், எங்கள் பிரிவு வாசலில் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கொக்கி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. செவிலியர் ஒருவர்தான் கழற்றிவிட்டார். அந்த விரல்களால்தான் அவர் மலை முழுவதும் பிரேக் பிடித்து இறங்கி வந்திருக்கிறார்!

ஒவ்வொரு காட்சி முனையிலும் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, அல்லது தடுமாறித் தொடுகிறீர்கள் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். கை சூடாகும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. குளிரில் விரலுக்கு அடுத்தபடி மங்குவது நிதானம். அது மங்குவது நமக்கே தெரியாது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் காற்றைத் தடுக்காது. காற்றுப் புகாத மேலாடை, கழுத்தை மூடும் துணி, முழு விரல் கையுறை மூன்றும் கட்டாயம் வேண்டும். பின்னிருக்கையில் மனைவி இருந்தால் அவருக்கும் இவை அத்தனையும் வேண்டும். உங்களுக்கு நல்ல கவச உடையும் அவருக்குச் சுடிதாரின் மேல் ஒரு ஸ்வெட்டரும் என்று வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாலையில் கிடக்கும் இலை அழகானதுதான். வெயில் படாத வளைவுகளில் அது காலை பத்து, பதினொரு மணி வரை பனி ஈரத்தோடு அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். மேல் அடுக்கு காய்ந்து மொரமொரவென்று இருந்தாலும் அடியில் வழவழப்பு. அதன் மேல் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானம் இருக்காது. கீழே குழியோ சரளையோ இருந்தாலும் தெரியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் அதைக் கடக்க வேண்டும். பிரெஞ்ச் பிராட் ஆற்றிலிருந்து மேலே போகும் வழியில் சுரங்கப்பாதைகள் பல வருகின்றன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவருக்குச் சில நொடிகள் எதுவுமே தெரியாது. உள்ளே மேலிருந்து நீர் கசியும் இடங்களும் உண்டு.

இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. பல ஆண்டுகள் இங்கே வலப்பக்கம் கார் ஓட்டியவர்கள்கூட, காட்சி முனையில் இறங்கி, படம் எடுத்து, பேசிச் சிரித்துவிட்டு மீண்டும் பைக்கில் ஏறும்போது, பழைய பழக்கத்தில் இடப்பக்கமாகச் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். கை, கால், உடல் எல்லாம் பைக்கை இடப்பக்கத்தில்தான் கற்றிருக்கின்றன. எதிரே வண்டி வரும் வரை தவறு புலப்படாது. குழுவாகப் போகும்போது கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒருவர் "வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்லட்டும். கார் உரிமம் மட்டும் இருந்தால் இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். வட கரோலினாவில் சமுதாயக் கல்லூரிகள் வழியாக மோட்டார் சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சி கிடைக்கிறது. 150 சிசி வண்டியை ஓட்டிய கையோடு 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள வாடகை வண்டியில் மலையேறுவது தைரியத்தில் சேராது.

மாலை நான்கு மணிக்குள் மலையிலிருந்து இறங்கத் தொடங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். கை களைத்திருக்கும். மான்களுக்கு இனச்சேர்க்கைக் காலம் தொடங்கியிருக்கும். அந்தி வேளையில் அவை கண்மண் தெரியாமல் சாலைக்குக் குறுக்கே பாயும். ஒன்று கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆஷ்வில்லின் மதுக்கூடங்களில் மதிய உணவோடு ஒரு கிளாஸ் பீர், தூக்கம் வரவழைக்கும் ரக ஒவ்வாமை மாத்திரை இரண்டுமே அன்றைக்கு வேண்டாம்.

ஹெல்மெட் பற்றி நான் வாதாடுவதில்லை. அது தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஏறக்குறைய 69 விழுக்காடும், இறக்கும் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே அது சட்டம். இதேபோல் இலை பார்க்க, கான்கமாகஸ் நெடுஞ்சாலை இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குச் செல்பவர்களில் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு அங்கே அப்படிச் சட்டம் இல்லை. அதற்காகக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

யாராவது விழுந்துவிட்டால், முதலில் வளைவின் இரு பக்கமும் ஆளை நிறுத்தி வரும் வண்டிகளைத் தடுத்து நிறுத்துங்கள். மலையில் பல இடங்களில் கைபேசி எடுக்காது. எடுக்கும் இடம் வரை ஒருவர் போய் 911-ஐ அழைத்து மைல்கல் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓட்டும்போதே மைல்கற்களைக் கவனித்துவந்தால்தான் இது முடியும். மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இரத்தம் பீறிடும் இடத்தில் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். இருக்கிற மேலாடைகளையெல்லாம் அவர் மேல் போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறைந்து கசிவு நிற்காது. எங்களிடம் வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது. அதை எழுதிய ஒரு சீட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவரால் பதில் சொல்ல முடியாது, கூட வந்த நண்பருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.