ஒரே பங்கு, இரண்டு ஆர்.எஸ்.ஐ.

ஒரே பங்கு, ஒரே நாள், ஒரே குளோஸிங் விலை. விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை அளக்கும் ஆர்.எஸ்.ஐ. (Relative Strength Index) என்ற எண்ணை ஒரு மென்பொருள் 28 என்கிறது, இன்னொன்று 33 என்கிறது. எது தவறு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 30-க்குக் கீழே இறங்கினால் அளவுக்கு மீறி விற்கப்பட்ட பங்கு என்று கொள்வார்கள்; அத்தகைய பங்குகளை ஸ்கிரீனரில் (நிபந்தனைக்குப் பொருந்தும் பங்குகளைப் பட்டியலிடும் கருவியில்) சலித்தெடுப்பது அவர் வழக்கம்.

இரண்டுமே சரியாகக் கணக்கிட்டிருக்கலாம்.

ஆர்.எஸ்.ஐ.யை 1978-இல் வெளியிட்டவர் அமெரிக்கப் பொறியாளர் வெல்ஸ் வைல்டர். விலை ஏறிய அளவுக்கு ஒரு சராசரி, இறங்கிய அளவுக்கு ஒரு சராசரி. இரண்டின் கூட்டுத்தொகையில் ஏற்றம் எத்தனை சதவீதம் என்பதுதான் ஆர்.எஸ்.ஐ. ஏற்றம் 3 ரூபாய், இறக்கம் 1 ரூபாய் என்றால் 75.

அழகெல்லாம் அந்தச் சராசரியை அவர் எடுத்த விதத்தில் இருக்கிறது. முதல் 14 நாள்களுக்கு மட்டும் சாதாரணச் சராசரி. அதன்பின் நேற்றைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். நேற்றைய சராசரி 3, இன்று பங்கு 17 ரூபாய் ஏறியது என்று வையுங்கள்: 39-உம் 17-உம் 56, வகுத்தால் 4. பழைய விலைப் பட்டியல் எதையும் புரட்ட வேண்டாம். ஒரே ஓர் எண்ணுக்குள் முழுக் கடந்த காலமும் அடங்கிவிடுகிறது. இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

14 தம்ளர் கொள்ளும் பானையிலிருந்து தினமும் ஒரு தம்ளர் மொண்டுவிட்டு, புதுத் தண்ணீர் ஒரு தம்ளர் ஊற்றிக் கலக்குவது போன்றது இது. முதல் நாள் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், அடியோடு தீராது. 30 நாள் விலை மாற்றங்களை மட்டும் ஏற்றிய மென்பொருளில், முதல் 14 நாள் சராசரியின் தாக்கம் இன்னும் சுமார் 30 சதவீதம் மிச்சமிருக்கும். ஓராண்டுத் தரவை ஏற்றியதில் அது ஏறக்குறைய பூஜ்யம். 28-உம் 33-உம் இப்படித்தான் பிரிகின்றன.

ஸ்கிரீனர் தரும் பட்டியலையும் அளவோடுதான் நம்ப வேண்டும். நூற்றில் ஒரு பங்குக்குத் தற்செயலாகப் பொருந்தக்கூடிய விதிகூட, 2,000 பங்குகளைச் சலித்தால் 20 பெயர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆர்.எஸ்.ஐ.யில் இருப்பது நடந்து முடிந்த விலைகள் மட்டுமே. அதை நாளைய விலையைச் சொல்லும் குறியாக விற்பவர்களையும், கிரகப் பெயர்ச்சி பார்த்துப் பங்கு பரிந்துரைப்பவர்களையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு மென்பொருள்களிலும் குறைந்தது ஓராண்டுத் தரவை ஏற்றுங்கள். பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் ஏற்பப் பழைய விலைகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். திருத்தாவிட்டால் 1,000 ரூபாய்ப் பங்கு இரண்டாகப் பிரிந்து 500 ஆனதை மென்பொருள் வீழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகும் எண்கள் ஒத்துப்போகாவிட்டால், அவற்றில் ஒன்று வைல்டர் முறையை விட்டுச் சாதாரணச் சராசரியைப் பயன்படுத்துகிறதா என்று அமைப்புகள் பகுதியில் தேடுங்கள்.