மீள்காடாக்கம்: சொல்லும் பொருளும்

‘ரீஃபாரஸ்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காடு வளர்ப்பு, மறுகாடாக்கம், மீள்காடாக்கம், மரநடுகை என்று பல தமிழ் வடிவங்கள் புழங்குகின்றன. எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று எண்ணுவோர் அதிகம். ஆனால் நான்கும் நான்கு வேலைகள். மரநடுகை ஒரு பருவத்தில் முடிந்துவிடும்; மீள்காடாக்கம் அப்படி முடியாது.

முதலில் மூலச் சொல். ‘ஃபாரஸ்ட்’ என்பதன் வேராகப் பெரும்பாலான அகராதிகள் காட்டுவது ‘வெளியே’ என்று பொருள்படும் ‘ஃபோரிஸ்’ என்ற இலத்தீன் சொல்லை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது மரங்களைவிடச் சட்டத்தையே அதிகம் குறித்தது: அரசரின் வேட்டைக்காகத் தனிச் சட்டத்தின்கீழ் ஒதுக்கிய நிலம். அந்த எல்லைக்குள் புல்வெளியும் இருக்கும், ஊரும் இருக்கும். அன்றைக்கு ஒரு நிலத்தை ‘அஃபாரஸ்ட்’ செய்வதென்றால் அதை வேட்டைச் சட்டத்துக்குள் இழுப்பது. ஒரு கன்றும் நட வேண்டியதில்லை. 1217இல் இங்கிலாந்தின் வனச் சாசனம் பல நிலங்களை அந்தச் சட்டத்திலிருந்து விடுவித்தது. அதற்காக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மரம் வைத்தல் என்ற பொருள் இச்சொல்லில் ஏறியது மிகப் பின்னால்தான்.

அந்தச் சட்டவாடை இன்னும் போகவில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையில் காடு என்பது 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் விதான மூட்டம், அதாவது மரத்தலைகள் கூரைபோல் மூடும் பரப்பு. ரப்பர் தோட்டம் இதில் காடு. எண்ணெய்ப்பனைத் தோட்டம் காடு அல்ல. மரம் முழுதும் வெட்டியெடுத்த நிலம்கூட, மீண்டும் மரம் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டால், கணக்கில் காடாகவே நீடிக்கும். பருவநிலை மாற்றம் குறித்த 1997 கியோட்டோ ஒப்பந்தத்தின் விதிகளில் 50 ஆண்டாவது காடில்லாமல் கிடந்த நிலத்தைக் காடாக்குவது ‘அஃபாரஸ்டேஷன்’. முன்பு காடாக இருந்து, 1989 டிசம்பர் 31 அன்று காடற்றதாக இருந்த நிலத்தில் செய்வது ‘ரீஃபாரஸ்டேஷன்’. ஆகவே முன்னதற்குப் புதுக்காடாக்கம், பின்னதற்கு மீள்காடாக்கம் என்று பிரித்து எழுதினால் குழப்பம் இல்லை.

‘ஆக்கம்’ பொருத்தமான பின்னொட்டு. ‘காடு கொன்று நாடாக்கி’ என்று பட்டினப்பாலை பேசும் ஆக்கம்தான் இது, திசை மட்டும் தலைகீழ். தயக்கம் தருவது ‘மறு’. அதற்கு ‘திரும்பவும்’ என்ற பொருளோடு ‘வேறொரு’ என்ற பொருளும் உண்டு: மறுகரை, மறுபக்கம். ‘மீள்’ என்றால் திரும்பி வருதல். சொந்த ஊருக்குத் திரும்புவது மீள்குடியேற்றம்; வேறிடத்தில் குடிவைப்பது மறுகுடியமர்த்தல். பல இனங்கள் நின்ற இடத்தில் வரிசையாகத் தைலமரம் நட்டால் அதை மறுகாடு என்று வேண்டுமானால் சொல்லலாம், மீள்காடு என்று சொல்ல முடியாது. காடு வளர்ப்பு என்பதோ மரத்துக்காக மரம் வளர்க்கும் தொழிலுக்கு ஏற்ற பெயர். தேனீ வளர்ப்பு, மாடு வளர்ப்பு போல.

‘டிகிரேடட்’, அதாவது சீர்கெட்ட, நிலத்துக்குத் ‘தரிசு’ என்று போடுவது பெரிய பிழை. தரிசு என்பது பயிரிடாத நிலம். இயற்கையான புல்வெளியும் அந்தப் பெயருக்குள் விழுந்துவிடுகிறது. பிறகு அதில் குழி வெட்டி மரம் நடுகிறார்கள். புல்வெளிக்கு உரிய செடியும் பறவையும் போய்விடும், நீர் வரத்தும் குறையலாம். இதற்குச் சிலப்பதிகாரமே சொல் தருகிறது: முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து ‘நல்லியல்பு இழந்து’ பாலை ஆகும் என்கிறது. இயல்பிழந்த நிலம் என்று எழுதினால், அதன் இயல்பு என்னவாக இருந்தது என்ற கேள்வி தானே எழும். மீள்காடாக்கத்தின் முதல் வேலை அந்தக் கேள்விதான். அருகில் எஞ்சியுள்ள காட்டுத் துண்டில் நிற்கும் மரங்களைப் பட்டியலிடுவதும் பழைய அடிக்கட்டைகளை அடையாளம் காண்பதும் அதற்கு வழி.

மரம் வெட்டிய நிலமும் வெற்று நிலமும் ஒரே மருந்தை ஏற்பதில்லை. வெட்டிய நிலத்தில் பெரும்பாலும் விதையும் வேரும் மிச்சம் இருக்கும். அங்கே முதலில் எண்ண வேண்டும்: அடிக்கட்டைத் துளிர், தானே முளைத்த கன்று, விதை தரும் மரம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,000 கன்றுகள், பல இனங்களில், பரவலாக இருந்தால் நடவே தேவையில்லை. இந்த முறைக்குத் துணைசெய் இயல்மீட்சி என்ற பெயர் பொருந்தும். கன்றைச் சுற்றி 1 மீட்டர் விட்டத்துக்குப் புல்லை நீக்குவது, மேலே படரும் கொடியை அறுப்பது, அடிக்கட்டையில் வலுவான ஓரிரு துளிரை மட்டும் விடுவது, தீயையும் மேய்ச்சலையும் தடுப்பது என்பவை போதும். உயரப் புல்லை வெட்டினால் சீக்கிரம் துளிர்க்கும். பலகையால் மிதித்துச் சாய்த்தால் அதே புல் மூடாக்காகி, துளிர்ப்பும் தாமதமாகும்.

அதே நிலத்தில் மரத்தை இழுத்த தடங்களும் லாரி ஏற்றிய களங்களும் வேறு கதை. மேல்மண் வழிக்கப்பட்டு, அடிமண் இறுகியிருக்கும். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தக் கோடுகளில் மரம் குட்டையாகவே நிற்கும். மண் காய்ந்திருக்கும்போது சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், 50 செ.மீ. ஆழம் கீறிவிட வேண்டும். ஈரமண்ணில் கீறினால் களிமண் பிளக்காது, மெழுகுபோல் வழுவழுப்பாகிவிடும். இயந்திரத் துளைப்பான் போட்ட குழிச்சுவரிலும் இதே கேடு உண்டு. கடப்பாரையால் சுவரைக் கொத்திவிடாவிட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும்.

விதைமூலம் எதுவும் எஞ்சாத வெற்று நிலத்தில்தான் முழு நடவு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 2,500 கன்று, 1.8 மீட்டர் என்றால் சுமார் 3,090. 3 மீட்டர் என்றால் 1,111. நெருக்கமாக நட்டால் செலவு கூடும், ஆனால் விதானம் சீக்கிரம் மூடிப் புல் அடங்கும். களையெடுக்க ஆள் கிடைக்காத இடத்தில் 3 மீட்டர் இடைவெளி விட்டுப் பணத்தை மிச்சம்பிடிப்பது வீண். 20 முதல் 30 உள்ளூர் இனங்களைக் கலப்பது ‘சட்டக இனங்கள்’ முறை. 1980களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உருவான இம்முறை பின்னர் வட தாய்லாந்தில் விரிவாகச் சோதிக்கப்பட்டது. வெயில் தாங்கி வேகமாகக் குடைவிரிப்பவையும், இளமையிலேயே பழுத்துப் பறவையை அழைப்பவையும், நிழலில் மெல்ல எழுபவையும் சேர்ந்த கலவை அது. ஒவ்வோர் இனத்துக்கும் விதையைப் பல தாய்மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். சாலையோரத்து ஒற்றை மரத்தின் விதையில் ஒரு மலையையே நிரப்பினால் அடுத்த தலைமுறை உடன்பிறப்புகளின் கலப்பாகவே இருக்கும்.

நடவுக்கன்று 30 முதல் 60 செ.மீ. உயரம் போதும். நாற்றங்காலில் கடைசி நான்கைந்து வாரம் நீரைக் குறைத்து வெயிலில் பழக்க வேண்டும். மண் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் நனைந்த பிறகு நடவு. முதல் தூறலில் நட்டு, அடுத்த இரண்டு வாரம் வானம் பார்த்து இழந்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. பையைக் கிழித்து அகற்றி, அடியில் சுருண்ட வேரை நறுக்கி, வேர்க்கழுத்து தரைமட்டத்தில் நிற்க நட வேண்டும். தாழ நட்டால் தண்டு அழுகும். சுருண்ட வேரோடு நட்டது சில ஆண்டு செழித்துவிட்டு, ஒரு காற்றில் அடியோடு சாயும். குற்றம் காற்றின் தலையில் விழும்.

இனி ‘எக்கோசிஸ்டம் மெயின்டனன்ஸ்’. ‘எக்கோசிஸ்டம்’ 1935இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லியின் கட்டுரையில் அச்சேறிய சொல். ‘சூழல் மண்டலம்’ என்பதில் இடம் தெரிகிறது, உறவு தெரியவில்லை; இலங்கை வழக்கான ‘சூழல் தொகுதி’ மேலானது. பராமரிப்பு என்பதற்குப் ‘பேணல்’ இருக்கிறது. தொடர் பேணல் என்பது, விதானம் மூடும்வரை, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டு, மழைக்காலத்தில் இரண்டு மூன்று களையெடுப்பு. கோடைக்கு முன் 6 முதல் 8 மீட்டர் அகலத்தில் தீத்தடுப்புக் கோடு. முதல் ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்துப் பாடுவாசி நிரப்புதல், அதாவது செத்த கன்றின் இடத்தில் புதுக்கன்று வைத்தல். களையெடுக்காமல் உரமிட்டால் தின்பது புல்தான். வறண்ட புல் உயர்ந்து நின்றால் ஒரே தீ மூன்றாண்டு உழைப்பை முடித்துவிடும்.

அறிக்கைகளின் அட்டவணையில் ‘நட்டது’, ‘பிழைத்தது’, ‘தானே வந்தது’ என்று மூன்று பத்திகள் வேண்டும். பெரும்பாலானவற்றில் முதலாவது மட்டுமே இருக்கிறது. முதலிரண்டும் மரநடுகையின் கணக்கு. நிழலுக்கடியில், யாரும் நடாத இனத்தின் நாற்று, பறவையோ வௌவாலோ போட்ட விதையிலிருந்து முளைத்து நிற்கிறதா என்பது மூன்றாவது பத்தி. ‘மீள்’ என்ற முன்னொட்டை அந்தப் பத்தி நிரம்பத் தொடங்கியபிறகு போடலாம்.