நீர்ச்சொட்டில் பத்தில் ஒரு பங்கு: பழைய டீசல் கார் நிற்கும்போது ஏன் உதறுகிறது?

ஓடும்போது எந்தக் குறையும் தெரியாத தமது பழைய டீசல் கார், சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டியரிங் நடுங்கும் அளவுக்கு உதறுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிற்கும்போது மட்டும் என்று அவர் குறிப்பிட்டதிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை என்பது பள்ளிப் பாடம். ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய காற்றில், இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதே எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

என்னை எப்போதும் வியக்க வைப்பது அந்த அளவுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லிங்கில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறை போய்ச் சேருவது சுமார் 5 கன மில்லிமீட்டர் டீசல். அதாவது, குழாய் முனையில் திரண்டு விழும் ஒரு நீர்ச்சொட்டைப் பத்தாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. இன்ஜெக்டரின் தேய்ந்த நாசில் (பீய்ச்சும் முனை) ஒன்று இதில் ஒரு கன மில்லிமீட்டரைக் குறைத்துத் தந்தால், அந்த சிலிண்டர் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருளை இழக்கிறது. பாரம் இழுக்கும்போது 40 கன மில்லிமீட்டர் போகும் இடத்தில் அதே ஒன்று குறைந்தால் இழப்பு நாற்பதில் ஒரு பங்குதான். போதாததற்கு, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், நிமிடத்துக்கு 2400 சுற்றில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 800 சுற்றில் மிஞ்சுகிறது. குறையைப் பெரிதாக்கி, அதை மறைக்கும் வலிமையையும் பறித்துவிடும் நிலை ஐட்லிங்.

உதறலின் தாளத்தைக் கவனித்தால் இன்னும் தெளிவு பிறக்கும். 800 சுற்றில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை எரிகிறது. ஒரே சிலிண்டர் சோர்ந்திருந்தால் வண்டியும் அதே கணக்கில் தட்டித் தட்டிக் குலுங்கும். அப்படியல்லாமல் எஞ்சின் வேகமே மெதுவாக ஏறி இறங்கினால், குறை எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில், பெரும்பாலும் டீசல் வரும் வழியில் இருக்கும்.

எந்த சிலிண்டர் என்று அறிய மெக்கானிக்குகள் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஓர் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்துகிறார்கள். டீசல் அங்கேயே கசிந்துவிடுவதால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி திறக்கத் தேவையான அழுத்தம் எழாமல் அந்த சிலிண்டர் அணைகிறது. சத்தம் தொய்ந்து உதறல் கூடினால், அதுவரை அது உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். எந்த நட்டைத் தளர்த்தும்போது மாற்றமே இல்லையோ, அங்கேதான் நோய். உயர் அழுத்த டீசலை எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் தேக்கித் தரும் காமன் ரெயில் எஞ்சினில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. ஐட்லிங்கிலேயே சில நூறு பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். பழைய பம்ப் வண்டியிலும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பழகிய கைகளே செய்ய வேண்டும்.

வேகம் ஏறி இறங்கும் வண்டியில் முதலில் தேட வேண்டியது காற்று. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. மாறாகக் காற்று உள்ளே போகும். டீசலை நெருக்குவது கடினம், காற்று எளிதில் அமுங்கிவிடும். ஆகவே பம்ப் தரும் உந்துதல் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பம்புக்கு முன்னால் ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸைப் பொருத்திப் பார்த்தால், கடுகளவுக் குமிழ்கள் வரிசையாக நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் பம்பையே கழற்றுவதும், பாட்டில் மருந்தை டேங்கில் ஊற்றிவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. வெடித்த ஹோஸை எந்த மருந்தும் ஒட்டவைக்காது.

காலையில் மட்டும் வெண்புகையோடு உதறிவிட்டுச் சூடானதும் அடங்கினால், குளிர்ந்த எஞ்சினின் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கலாம். இன்ஜெக்டரை மாற்றியும் அதே சிலிண்டர் சோர்ந்திருந்தால் கம்ப்ரஷனை, அதாவது அந்த சிலிண்டர் காற்றை நெருக்கும் அழுத்தத்தை, அளந்தாக வேண்டும். எஞ்சின் சத்தம் சீராக இருந்து வண்டியின் உடல் மட்டும் நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் அமுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே நசுங்கிப் பிளந்த ரப்பர் தெரிந்தால், டீசல் பக்கம் கை வைக்கவே தேவையில்லை.