ஸ்வெல்: பொருளும் தமிழ்ச்சொல்லும்

ஹவாயின் ஓவாஹு தீவில் அலைச்சறுக்குக்குப் போகிறவர்கள் முன்னறிவிப்பில் முதலில் தேடுவது 'ஸ்வெல்'. வீங்கு, புடை என்று பொருள்படும் பழைய ஆங்கில வினைச்சொல்லிலிருந்து வந்தது. தொலைதூரப் புயல்காற்றில் பிறந்து, அந்தக் காற்றை விட்டு விலகி, வரிசை கட்டிக் கரைக்கு வரும் அலைக்கே இந்தப் பெயர். உள்ளூர்க் காற்று கிளப்பும் குட்டையான, தாறுமாறான அலை இதில் சேராது.

இதை 'வீக்கம்' என்று பெயர்த்தால் கால் வீக்கமும் பணவீக்கமும்தான் நினைவுக்கு வரும். 'ஓதம்' நல்ல பழஞ்சொல். ஆனால் பாடநூல்களில் அது கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உரியதாகிவிட்டது. நீளமே இந்த அலையின் அடையாளம் என்பதால் 'நெட்டலை' பொருந்தும். கேரளத்திலும் குமரிக் கரையிலும் காற்றில்லாத நாளில்கூட ஏறிவரும் கள்ளக்கடலுக்குக் காரணமும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து வரும் நெட்டலைதான்.

ஓவாஹுவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட பசிபிக் புயல்கள் அனுப்பும் நெட்டலை வடகரையின் பைப்லைன், வைமேயா பகுதிகளில் உடையும். ஜூலையில் அதே வடகரை பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். அப்போது நியூசிலாந்துப் பக்கம் குளிர்காலம். அங்கே எழும் அலை சுமார் 7,000 கி.மீ. கடந்து தென்கரையிலுள்ள வைக்கீக்கிக்கு வருகிறது. 16 வினாடிக்கு ஒரு முகடு வரும் அலைத்தொகுதி மணிக்கு 45 கி.மீ. போகும், வந்துசேர ஆறரை நாள். 20 வினாடி அலைக்கு ஐந்தேகால் நாள் போதும். அதனால்தான் வினாடி கூடிய அலை முந்திக்கொள்கிறது.

இரண்டு முகடுகளுக்கு இடையிலான இந்த வினாடிக் கணக்கை உயரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் 100 மீட்டர். 16 வினாடி அலைக்கு 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலை தரையை உணரும். பிறகு வேகம் குறைந்து உயரம் ஏறும். கடலில் அலையை அளக்கும் மிதவை இரண்டுக்கும் 4 அடி என்றே காட்டினாலும், கரையில் 16 வினாடி அலை இன்னும் முரட்டுத்தனமாக விழும்.

திசையும் முக்கியம். 315 பாகை என்றால் வடமேற்கிலிருந்து வருகிறது, வடகரைக்கு நல்லது. 290 பாகை அளவில், இன்னும் மேற்கே தள்ளி வந்தால் கவாய் தீவு குறுக்கே நின்று பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

உள்ளூர்க்காரர் '6 அடி' என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹவாய் வழக்கில் அலையைப் பின்புறமிருந்து மதிப்பிடுவார்கள். முன்முகம் ஏறக்குறைய 12 அடி இருக்கும்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இடைவெளியில். நெட்டலை கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 10, 15 நிமிடம் கடல் அமைதியாக இருக்கலாம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினால், அலை உடையும் இடத்தை நீந்திக் கடக்கும்போது அடுத்த கூட்டம் தலைமேல் இறங்கும். குறைந்தது 20 நிமிடம் கரையில் நின்று பாருங்கள். பெரிய கூட்டம் ஒன்று வந்து போன பிறகே இறங்குங்கள்.