இழுத்தால் விலகும்: சனி வளையங்கள் இயங்கும் விதம்

சனிக்கோளின் முக்கிய வளையங்களை ஒரு வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ 2,73,000 கிலோமீட்டர் வரும். பூமியிலிருந்து நிலவுக்குப் போகும் வழியில் கிட்டத்தட்ட முக்கால் தூரத்தை எட்டிவிடும் அகலம். தடிமனோ, பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தத் தடிமனை நாம் எழுதும் தாளின் அளவுக்குச் சுருக்கினால், தாளின் குறுக்களவு இரண்டரை கிலோமீட்டரைத் தாண்டும்.

இவ்வளவு தட்டையான ஒன்றை யாரும் அழுத்திச் செய்யவில்லை. கோடானுகோடிப் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசி, இடித்து, தாமாகவே இப்படி ஆகியிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், வளையத்தைத் தட்டையாக்கும் அதே மோதல்கள்தான் அதை அகலவாக்கில் கலைத்துவிடவும் பார்க்கின்றன. அப்படியிருந்தும் அது கலையாமல், கத்தியால் நறுக்கியதுபோல் கூர்மையான விளிம்புகளோடு நிற்கிறது. ஏன்? வளைய ஆராய்ச்சியின் சுவையான பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்பேன்.

வளையம் துகள்களால் ஆனது என்பதே நெடுங்காலம் தெரியாது. கலிலியோ 1610-இல் பார்த்தபோது சனியின் இரு புறமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தார். அது எங்கும் சனியைத் தொடாத மெல்லிய வளையம் என்று 1659-இல் எழுதியவர் ஹைகன்ஸ். 1675-இல் காசினி அதன் நடுவே கருப்பாக ஓர் இடைவெளியைக் கண்டார். திடமான தட்டா, திரவமா, வேறு ஏதாவதா என்ற கேள்வியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆடம்ஸ் பரிசுக்கான தலைப்பாக வைத்தபோது, கட்டுரை அனுப்பியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒருவர் மட்டுமே. கணக்கின் கடுமையைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் போலும். திட வளையம் நிலைக்காது, திரவ வளையம் துண்டு துண்டாகும், தனித்தனியாகச் சுற்றும் துகள்களின் கூட்டம் மட்டுமே தாக்குப்பிடிக்கும் என்று அவர் 1859-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். 1895-இல் ஜேம்ஸ் கீலர் வளையத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாக ஓடுவதை அளந்தார். ஒரே தட்டாக இருந்திருந்தால் வெளி விளிம்புதான் வேகமாக ஓடியிருக்க வேண்டும். அத்தோடு வழக்கு முடிந்தது.

இன்று நமக்குத் தெரிந்தபடி, இந்தத் துகள்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் சாதாரண நீர்ப்பனி. அளவு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை. முக்கிய வளையங்களை வெளியிலிருந்து உள்நோக்கி ஏ, பி, சி என்று அழைக்கிறார்கள். அடர்த்தியான பி வளையத்தின் உள் விளிம்பில் இருக்கும் ஒரு துகள் வினாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சனியை எட்டு மணி நேரத்துக்குள் சுற்றிவிடும். ஏ வளையத்தின் வெளி விளிம்பில் இருப்பதற்கு 14 மணி நேரம் ஆகும்.

இந்த வேகங்களைக் கேட்டதும் அங்கே பயங்கரமான இடிபாடு நடப்பதாகத் தோன்றும். உண்மை நேர்மாறு. எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஓடுவதால், பக்கத்துத் துகளைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அசையாமல்தான் இருக்கிறது. ஏ வளையத்தின் உட்புறத்தில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடும் துகள், ஒரு முழு நாளில் சுமார் இருபது மீட்டர் பின்தங்கும், அவ்வளவுதான். மோதல்களும் வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் நடக்கின்றன.

வளையம் தட்டையான கதையும் இந்தச் சிறு வேகத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு துகளின் பாதை சற்றுச் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது வளையத் தளத்தை ஒரு முறை மேலிருந்து கீழாகவும் ஒரு முறை கீழிருந்து மேலாகவும் கடந்தாக வேண்டும். கடக்கும்போது மற்றவற்றின் மேல் இடிக்கும். பனித்துகள்கள் ரப்பர் பந்துகள் அல்ல. இடிக்கும் ஒவ்வொரு முறையும் மேல்-கீழ் வேகத்தில் ஒரு பங்கு வெப்பமாகத் தொலைகிறது. வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் மேல்நோக்கிய வேகம் மிஞ்சியிருக்கும் துகள், தளத்திலிருந்து ஆறேழு மீட்டருக்கு மேல் எழ முடியாது. பத்து மீட்டர்த் தடிமன் என்ற அளவு வருவது இங்கிருந்துதான்.

இனிச் சிக்கலான பகுதிக்கு வருவோம். உள்ளே ஓடும் துகள் வேகமானது, வெளியே ஓடுவது மெதுவானது. இரண்டும் உரசும்போது உள்ளிருப்பது வெளியிருப்பதை முன்னே தள்ளுகிறது. வெளியிருப்பது உள்ளிருப்பதைப் பின்னே இழுக்கிறது. பின்னே இழுக்கப்பட்ட துகள் தன் கோண உந்தத்தில், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவில், கொஞ்சம் இழந்து சனியை நோக்கி இறங்குகிறது. இறங்கியதும் அதன் வேகம் கூடுகிறது! முன்னே தள்ளப்பட்டதோ உயரமான பாதைக்கு ஏறி முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. சுற்றுப்பாதையில் இதுதான் விதி: தடுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும். ஆக ஒவ்வொரு மோதலும் உள்ளிருப்பதை மேலும் உள்ளேயும் வெளியிருப்பதை மேலும் வெளியேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. தடுக்க ஆளில்லை என்றால் எந்த வளையமும் காலப்போக்கில் பரவி, விளிம்பு மங்கிக் கரைந்துபோக வேண்டும்.

இந்தச் சிக்கல் கண்ணில் குத்தும்படி வெளிப்பட்டது சனியில் அல்ல, யுரேனஸில். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துக் கடந்தது. ஜேம்ஸ் எலியட் குழுவினர் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் ஐந்து முறை மங்கி மீண்டது; கோளைத் தாண்டிய பிறகு மறுபடியும் அதேபோல் மங்கியது. குறுகலான வளையங்கள்! அதே நாளில் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்தில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீன் மங்குவதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு இன்னொரு நிலா இருப்பதாகக் கருதி அதை எழுதினார்கள். வளையக் கண்டுபிடிப்பைப் பேசும்போது காவலூரின் பெயர் அதிகம் அடிபடாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

யுரேனஸின் வளையங்கள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை. பரவும் விதியின்படி இவ்வளவு குறுகிய வளையம் நெடுங்காலம் நிற்கக் கூடாது. 1979-இல் பீட்டர் கோல்ட்ரைக், ஸ்காட் டிரிமெய்ன் இருவரும் விடை சொன்னார்கள்: வளையத்தின் இரு பக்கமும் சிறு நிலாக்கள் ஓடி அதை மேய்க்கின்றன.

ஈர்க்கும் நிலா எப்படி விலக்கும்? வளையத்துக்கு வெளியே ஒரு நிலா மெதுவாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் துகள் அதைப் பின்னாலிருந்து நெருங்கும்போது நிலா அதை முன்னோக்கி இழுக்கும். தாண்டிய பின் பின்னோக்கி இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் கடக்கும் தருணத்தில் துகள் நிலாவின் பக்கம் சற்று வளைந்துவிடுகிறது. தாண்டிய பிறகு நிலாவுக்கு இன்னும் அருகில் இருப்பதால், பின்னோக்கிய இழுப்பு ஒரு பிடி அதிகம். விளைவு: துகள் கோண உந்தத்தை இழந்து உள்ளே இறங்குகிறது. அதாவது நிலாவைவிட்டு விலகிப் போகிறது. உள்ளே ஓடும் நிலா இதே வழியில் துகள்களை வெளியே அனுப்பும். இங்கும் மோதல்களின் பங்கு உண்டு. நிலாவைக் கடந்த துகளின் பாதை சற்று நீள்வட்டமாகிவிடும். அடுத்தடுத்த மோதல்கள் அதைத் திரும்ப வட்டமாக்கினால்தான் விலகல் நிலைக்கும். பரவச் செய்யும் மோதல்களே கட்டிவைக்கவும் தேவைப்படுகின்றன. 1986-இல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது, எப்சிலான் வளையத்தின் இரு பக்கமும் கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரு நிலாக்கள் சொன்னபடியே ஓடிக்கொண்டிருந்தன.

சனிக்குத் திரும்பினால், பி வளையத்தின் வெளி விளிம்பில் காவல் நிற்பது மைமாஸ் என்ற நிலா. அது மிகத் தொலைவில் இருந்தாலும், விளிம்பிலுள்ள துகள்கள் இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் சரியாக ஒரு சுற்று முடிக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இழுப்பு விழுந்து, சிறிய விசை பெரிதாகிறது. இதைத்தான் ஒத்திசைவு என்கிறார்கள். விளிம்புக்கு அப்பால்தான் காசினி இடைவெளி. பலரும் நினைப்பதுபோல் அது வெற்றிடம் அல்ல. அடர்த்தி குறைந்த வளையங்கள் அதற்குள்ளும் இருக்கின்றன. ஏ வளையத்தின் வெளி விளிம்பு ஜேனஸ் நிலாவோடு 7-க்கு 6 என்ற கணக்கில் ஒத்திசைகிறது. ஆனால் அந்தப் பெரிய வளையத்தை ஜேனஸ் தனியாகத் தாங்க முடியாது என்றும், மைமாஸ், பேன், அட்லஸ், பிரோமிதியஸ் முதலான ஏழு நிலாக்கள் படிப்படியாகச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன என்றும் 2017-இல் தெரிந்தது.

நிலாக்களின் வேலை விளிம்போடு நின்றுவிடுவதில்லை. ஒத்திசைவு விழும் இடங்களிலெல்லாம் வளையத்துக்குள் அடர்த்தி அலைகள் கிளம்பிச் சுருளாகப் பரவுகின்றன. 1981-இல் வாயேஜர் 2, டெல்டா ஸ்கார்ப்பி என்ற விண்மீனின் ஒளி வளையங்களின் ஊடே மினுங்குவதை அளந்து இந்த அலைகள் பலவற்றைப் பதிவு செய்தது. நம் அனுஷ நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்று அது. சோதிடத்தில் அனுஷத்தின் அதிபதி சனி என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். இந்த அலைகளின் நீளம் அந்த இடத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். 2017-இல் காசினி விண்கலம் தன் கடைசிச் சுற்றுகளில் சனிக்கும் வளையங்களுக்கும் நடுவே பாய்ந்தபோது மொத்த எடையையே நேரடியாகக் கணித்தது: மைமாஸின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு.

இது பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எடை குறைவான வளையம் விண்தூசி படிந்து சீக்கிரம் கருத்திருக்க வேண்டும். இதுவோ இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஆகவே வயது பத்து கோடி ஆண்டு அளவில்தான் இருக்கும் என்றார்கள். தூசியின் வரத்தை அளந்த 2023 ஆய்வு 40 கோடி ஆண்டுக்கு மேல் போகாது என்றது. 2024-இல் வந்த மறுப்பு, வேகமாக மோதும் தூசி ஆவியாகிவிடுவதால் வளையம் அழுக்காகாமலே மிகப் பழமையானதாக இருக்கலாம் என்கிறது. எனக்கு இந்த மறுப்பை எளிதில் ஒதுக்கத் தோன்றவில்லை. பளபளப்பை வைத்து வயது சொல்வது எப்போதுமே ஆபத்தான வேலை.

துகள்கள் ஏன் ஒட்டித் திரண்டு ஒரு நிலாவாகிவிடவில்லை? சனிக்கு இவ்வளவு அருகில், ஒரு திரளின் சொந்த ஈர்ப்பைவிட அதைப் பிய்க்கும் சனியின் ஓதவிசை வலுவானது. இந்த எல்லையை 1848-இல் கணக்கிட்டவர் எடுவார் ரோஷ். ஆனாலும் துகள்கள் முயற்சியை விடுவதில்லை. ஏ வளையத்தில் அவை பல பத்து மீட்டர் நீளக் கொத்துகளாகச் சேர்வதும், உள்-வெளி வேக வேறுபாட்டில் இழுபட்டுச் சாய்ந்து கலைவதும், மறுபடி சேர்வதுமாக இருக்கின்றன. ஒரு கொத்தின் ஆயுள் ஒரு சுற்றுக்கு முன்னே பின்னே. இவற்றுக்கிடையே சில நூறு மீட்டர் உள்ள கட்டிகளும் புதைந்திருக்கின்றன. எட்டு கிலோமீட்டர் அகலமுள்ள டாஃப்னிஸ் தன் பாதை முழுவதையும் துடைத்துச் சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளி வைத்திருக்கிறது. இந்தக் கட்டிகளுக்கு அந்த வலு கிடையாது. முன்னும் பின்னும் சிறிது தூரம் மட்டும் துடைக்க, அது விமான விசிறி வடிவில் தெரிகிறது. அதனால் பெரிய விசிறிகளுக்கு பிளேரியோ, இயர்ஹார்ட் என்று விமானிகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

பத்து மீட்டர்த் தடிமன் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் சூரியன் வளையத் தளத்துக்கு நேராக வந்தபோது, பி வளையத்தின் வெளி விளிம்பில் நீண்ட நிழல்கள் விழுந்தன. நிழலின் நீளத்திலிருந்து கணக்கிட்டால், அங்கே துகள் குவியல்கள் இரண்டரை கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. ஒத்திசைவு பாதைகளை நெருக்கும் விளிம்பில், ஒதுங்க இடமில்லாத துகள்கள் மேலும் கீழும் தெறிக்கின்றன.

உள்ளே இருக்கும் மங்கலான சி வளையத்தில் இன்னொரு வகை அலைகள் உண்டு. எந்த நிலாவின் கணக்கோடும் அவை பொருந்தவில்லை. அவற்றை எழுப்புவது சனியேதான். கோளின் உட்பகுதி மெல்ல அதிர, அதன் ஈர்ப்புப் புலமும் சேர்ந்து அதிர்கிறது. வளையம் அந்த அதிர்வைப் பதிவு செய்கிறது. இப்படி நடக்கும் என்று 1993-இல் முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். காசினி தந்த அளவைகள் 2013-இல் அதை உறுதி செய்தன. சனியின் ஒரு நாள் எவ்வளவு நேரம் என்ற பழைய தகராறுக்கும் இங்கே வழி பிறந்தது. மேகங்கள் இடத்துக்கு ஒரு வேகத்தில் ஓடுகின்றன. காந்த அச்சோ சுழல் அச்சோடு கிட்டத்தட்ட ஒன்றியிருப்பதால், கோள் சுழலும்போது அது தள்ளாடிக் காட்டுவதில்லை; அதையும் நம்ப முடியாது. வாயேஜர் காலத்து வானொலி அளவை 10 மணி 39 நிமிடம் என்றது. 2019-இல் சி வளைய அலைகளிலிருந்து கணக்கிட்டு வந்த விடை 10 மணி 33 நிமிடம் 38 வினாடி.